வயிற்றுக்கு ஒன்று, தைராய்டுக்கு இன்னொன்று... ஸ்கேனில் ப்ரோப் மாறுவது ஏன்?

காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் தளம் நினைவிருக்கா? 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பல் பழுதுபார்ப்புக்கு வந்தது இங்கேதான். பொதுவாகக் கப்பல் கட்டும் தொழிலில், வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று இரும்பை வெட்டாமலே பார்க்க மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கவனிப்பார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேனும் இதே டெக்னிக்தான்!

மீயொலி என்றால் என்ன?

நம் காதுக்குக் கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே குற்றொலி, மேலே மீயொலி. மருத்துவ ஸ்கேனில் பெரும்பாலும் 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 லட்சம் முதல் 1.5 கோடி அதிர்வுகள்.

பாய்லரில் இருந்து வயிற்றுக்கு

1955-ல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், ஆபரேஷனில் அகற்றிய கட்டிகளை ஒரு பாய்லர் தொழிற்சாலைக்கே எடுத்துப்போனார். உலோக விரிசலைக் கண்டறியும் கருவியில் வைத்துப் பார்த்தால், நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி, திடக்கட்டிக்கு வேறு மாதிரி எதிரொலி! 1958-ல் அவர் குழுவின் கட்டுரை 'லான்செட்' இதழில் வெளியானது.

அதிகம் என்றால் நல்லதா?

அப்படி இல்லை. உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 0.44 மி.மீ, 12 மெகாஹெர்ட்ஸில் 0.13 மி.மீ. அலை சின்னதானால் நுணுக்கமான விவரமும் தெரியும். ஆனால் அதிர்வெண் கூடக் கூட, திசு ஒலியைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், ஆழத்துக்குப் போகாது.

அதனால்தான் கல்லீரல், சிறுநீரகம், கரு ஆகியவற்றுக்கு 2-5 மெகாஹெர்ட்ஸ். தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தைராய்டு, மார்பகத்துக்கு 7-15 மெகாஹெர்ட்ஸ். பருமனான உடலில் படம் கொஞ்சம் மங்கலாக வந்தால், அதற்கு மெஷின் மட்டுமே காரணம் இல்லை. ஒலி கடக்கவேண்டிய தூரமும் அதிகம்.

ஜெல், தண்ணீர் எதுக்கு?

காற்று மீயொலியைத் திருப்பி அனுப்பிவிடும். ப்ரோப்புக்கும் தோலுக்கும் இடையே காற்று இல்லாமல் செய்வதுதான் ஜெல்லின் வேலை. அடிவயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்: நிறைந்த சிறுநீர்ப்பை, காற்று உள்ள குடலை ஒதுக்கி ஒலிக்கு வழிவிடும்.

கதிர்வீச்சு இருக்கா?

எக்ஸ்ரே, சி.டி. போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. அதற்காக ஆசைக்கு எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். டாக்டர் சொன்னால் போதும். கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.