பேழையில் உறங்கும் முகங்கள்
பழைய நெகட்டிவ்களுக்கு ஏற்ற ஸ்கேனரைத் தெரிவு செய்வது எங்ஙனம்?

ஒரு குடும்பத்தின் சொத்து யாதென வினவினால், வயல், வளவு, தென்னந்தோப்பு, நகை என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். அலுமாரியின் அடித்தட்டிலே பழைய பிஸ்கட் தகரத்தினுள் கிடக்கும் நெகட்டிவ்களைச் சொத்தென எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும், இழந்த வயலை உழைத்து மீண்டும் வாங்கலாம். மறைந்த அன்னையின் முகத்தை எவ்விலை கொடுத்து மீட்பது?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு முதலிய நம் கரையோர ஊர்களில் இது வெறும் கற்பனை வினாவன்று. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கூரைகளை வாரிச் சென்றது. பின்வந்த போர்க்காலம் மக்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். உறவினரை இழந்தோரிற் பலர், அவர்தம் உருவம் தாங்கிய படங்களையும் அன்றே இழந்தனர். எஞ்சியுள்ள நெகட்டிவ்களையேனும் காப்பது நம் கடமையாகும். அதற்கு வேண்டிய பொறியைக் குறைந்த செலவிற் பெறும் வழியை இங்கு ஆராய்வோம்.

பெரிய நெகட்டிவின் பெருமை

அக்காலத்து ஸ்டூடியோக்கள் பெரிதும் பயன்படுத்தியது 120 எனப்படும் அகன்ற படச்சுருளாகும். கொடக் கம்பனி 1901 ஆம் ஆண்டில் தன் பிரௌனி கமராவுக்கென அறிமுகப்படுத்திய இச்சுருள் இன்றும் வழக்கில் உள்ளது. தேசிய அடையாள அட்டைக்கும், ஹஜ் பயணத்துக்கான கடவுச்சீட்டுக்கும், திருமணத்துக்கும், பாடசாலைக் குழுப்படத்துக்கும் நம் முன்னோர் அமர்ந்த வேளைகளை இத்தகைய சுருள்களே பதிந்து வைத்தன.

சதுர வடிவான நெகட்டிவ் ஒன்றின் படப்பரப்பு ஏறத்தாழ 56 மில்லிமீற்றர் நீளமும் அதே அகலமும் உடையது. பிற்காலத்தில் வீடுதோறும் பரவிய 35 மில்லிமீற்றர்ச் சுருளின் படமோ 24க்கு 36 மில்லிமீற்றர் மாத்திரமே. ஆகவே பெரிய நெகட்டிவின் பரப்பு அதனினும் மூன்றரை மடங்குக்கு மேலாகும். சிக்கன வழி இவ்வளவிலேயே அடங்கியுள்ளது. விலை குறைந்த ஸ்கேனர் ஒன்று அங்குலத்துக்கு 1,500 புள்ளிகளை மாத்திரமே தெளிவாகப் பிரித்தறியும் என வைத்துக்கொள்வோம். 35 மில்லிமீற்றர்ப் படத்திலிருந்து அது தருவது 30 இலட்சம் புள்ளிகளே. சதுர நெகட்டிவிலிருந்தோ ஏறத்தாழ 110 இலட்சம் புள்ளிகள் கிட்டும். பதினோர் அங்குலச் சதுரத்தில் நல்லதொரு படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்ட அது போதுமானது.

விளம்பர அட்டையிலே 6,400 என்றும் 9,600 என்றும் காணும் எண்களைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. எப்சன் வி 600 என்னும் பொறிக்கு 6,400 எனக் குறிக்கப்பட்டிருப்பினும், சோதனையில் அதன் மெய்யான திறன் 1,500 அளவிலேயே நிற்கிறது. அதனின் உயர்ந்த வி 800, வி 850 ஆகியன 2,300 அளவை எட்டுவன. விலையோ பன்மடங்கு ஏறிவிடும்.

மூடியைத் திறந்து பாருங்கள்

கந்தோர்களில் உள்ள சாதாரண ஸ்கேனர், கடதாசியின் மேல் ஒளி பாய்ச்சித் திரும்பும் ஒளியைப் பதிவு செய்வது. நெகட்டிவுக்கு அது உதவாது. ஒளி நெகட்டிவை ஊடுருவி வருதல் வேண்டும். எனவே மூடியினுள்ளேயும் விளக்குடைய பொறியையே நாடவேண்டும்.

விளக்கு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சில பொறிகளில் அவ்விளக்கு 35 மில்லிமீற்றர்ச் சுருளின் அகலத்துக்கே அமைந்திருக்கும்; எப்சன் வி 370 அத்தகையது. வி 550, வி 600, கெனன் 9000எஃப் மார்க் 2 ஆகியவற்றில் 120 சுருளும் அமையும். அதற்கான சட்டகமும் உடன் வரும். சிறு திரையுடன் பெட்டி வடிவில் மலிவாக விற்கப்படும் கருவிகள் பெரும்பாலும் சிறு சுருளுக்கே உரியன.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில், டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த மாற்றுவிகிதம் 350ஐக் கடந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலின் பலருக்குப் பிறர் பயன்படுத்திய பொறியே கைக்கெட்டுவது. அங்ஙனம் வாங்குவோர் ஐந்து செய்திகளை நோக்குக. மூடி விளக்கு முழு நீளமும் சீராக எரிகிறதா? கண்ணாடியின் உட்புறத்தே மங்கல் படிந்துள்ளதா? 120 சட்டகம் உடன் உள்ளதா? உரிய மின்னிணைப்புக் கருவி உள்ளதா? நம் கணினியோடு இணைந்து இயங்குமா? உற்பத்தியாளர் கைவிட்ட பழைய பொறிகள் பலவற்றையும் வியூஸ்கேன் என்னும் மென்பொருள் இயக்கவல்லது. விற்பவர் முன்னிலையிலேயே நெகட்டிவ் ஒன்றை வைத்துச் சோதித்த பின்னர் பணம் கொடுப்பதே அறிவுடைமை.

கமரா உள்ளோர்க்கு வேறொரு வழி

நல்ல டிஜிட்டல் கமராவும், அண்மைப் பொருளைத் தெளிவாகக் காட்டும் மக்ரோ வில்லையும் வீட்டில் இருப்பின், ஸ்கேனரே வேண்டாம். சீரான வெள்ளொளிப் பலகையின் மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, மேலிருந்து நேர்செங்குத்தாகப் படமெடுத்து, கணினியில் நிறம் மாற்றிக்கொள்ளலாம். கைவிடப்பட்ட என்லார்ஜரின் தூண் இதற்குச் சிறந்த தாங்கியாகும். இரண்டையும் புதிதாக வாங்க வேண்டியவர்க்கோ ஸ்கேனரே சிக்கனம்.

கடற்காற்றும் பூஞ்சணமும்

நம் ஊர்களின் ஈரக்காற்று நெகட்டிவ்களுக்குப் பெரும்பகை. தகரத்தைத் திறந்ததும் வினாகிரி மணம் வீசினால், அசிட்டேற்றுப் படலம் சிதையத் தொடங்கிவிட்டதென அறிக. அவற்றை வேறாக்கி முதலிற் பதிவு செய்தல் வேண்டும். பூஞ்சணம் படர்ந்ததை நீரிற் கழுவலாகாது. படத்தைத் தாங்கும் ஜெலற்றின் கரைந்துவிடக்கூடும். மென்தூரிகையும் காற்றூதும் குமிழும் பருத்திக் கையுறையுமே போதும். வண்ணப் படத்தின் தூசியை அகச்சிவப்பு ஒளியால் நீக்கும் டிஜிட்டல் ஐஸ் என்னும் வசதி, வெள்ளித் துகளால் ஆன கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பயன் தராது. வெள்ளித் துகள்களே அவ்வொளியை மறித்துவிடும்.

எவர் கையில் இருப்பது?

“கடையிற் கொடுத்தால் எளிதன்றோ?” எனச் சிலர் கேட்பர். ஆனால் நம் அயலிலுள்ள முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிலும், இந்துக் குடும்பங்கள் சிலவற்றிலும், வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கணினியில் தங்குவதை விரும்பார். அவ்விருப்பம் மதிக்கத்தக்கது. வீட்டிலேயே மகளோ மருமகளோ இயக்கத்தக்க எளிய பொறி இவ்வகையிலும் சிறந்தது. தனியொருவர்க்கு விலை மிகுமாயின், உறவினர் நால்வர் சேர்ந்தோ, பாடசாலை நூலகம் ஒன்றன் மூலமோ வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். எந்தப் படத்தை வெளியிடுவது, எதை வீட்டோடு வைப்பது என்பதை அவ்வக் குடும்பமே தீர்மானிக்கட்டும்.

மாணவர்களே, இது உங்களுக்கு ஏற்ற விடுமுறைப் பணி. அங்குலத்துக்கு 2,400 புள்ளி, 16 பிட் சாம்பல் நிறம், டிஃப் வடிவம் என அமைத்தால், சதுரப் படம் ஒன்று ஏறத்தாழ 56 மெகாபைற்று இடம் கொள்ளும். 500 நெகட்டிவ்கள் 28 ஜிகாபைற்றில் அடங்கிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் ஆண்டையும் ஊரையும் பெயராக இடுங்கள். படத்தில் உள்ளோர் யாவர் என மூத்தம்மாவிடமும் அப்பாச்சியிடமும் இன்றே கேட்டு எழுதுங்கள். பெயரறியா முகம் பாதி இழந்த முகமே.

2011 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், ஜப்பானின் யமமோத்தோ என்னும் சிற்றூரில் தொண்டர்கள் 7,50,000 அளவிலான படங்களைச் சேற்றிலிருந்து எடுத்துத் துப்புரவு செய்து, உரியவரைத் தேடினர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமோ, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடிப் பதிவு செய்துள்ளது. நாம் அத்துணைப் பெருமுயற்சி செய்ய வேண்டியதில்லை. நம் வீட்டுத் தகரத்தைத் திறந்தாற் போதும்.

இறுதியாக ஒன்று. பதிந்தவற்றை மூன்று பிரதிகளாக்குங்கள். ஒன்று வீட்டுக் கணினியில் இருக்கட்டும். மற்றொன்று தனித்தட்டில் இருக்கட்டும். மூன்றாவது, கடலுக்கு எட்டாத தொலைவில், கண்டியிலோ கொழும்பிலோ வாழும் உறவினரிடம் இருக்கட்டும். மூல நெகட்டிவ்களையும் எறிந்துவிடாது, உலர்ந்த கடதாசி உறைகளில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். பொறிகள் பழுதாகும், கோப்புகள் அழியும். அப்போது மீண்டும் தொடங்குவதற்கு அவையே நமக்கு முதல்.