குடோனை விற்கும் முன் ஒரு வார்த்தை

நம் வேங்கிக்காலில் நாற்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்திவரும் மூத்த வணிகர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். அரிசிச் சிப்பத்தைத் தோளில் சுமந்தவர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தவர். இன்று கல்லாவிலிருந்து எழுந்து பருப்பு மூட்டை வரை போவதற்குள் இரைக்கிறது. நோயின் பெயர் எம்பிசீமா. கடைச் சரக்கிலிருந்தே பீடி எடுத்துப் பிடித்த பழக்கம் தந்த பரிசு.

இரண்டாண்டுகளுக்கு முன் நுரையீரலில் வால்வு வைத்தார்கள். ஓராண்டு சுகமாக இருந்தது. இப்போது மறுபடியும் மூச்சு வாங்குகிறது. "திரும்பவும் செய்துகொள்ளட்டுமா? அதற்காகக் குடோனை விற்கலாமா?" என்று நம்மைக் கேட்டார். விவரம் அறிந்தவர்களிடம் விசாரித்ததை எல்லா உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

நுரையீரலின் சிறு காற்றுப் பைகள் சிதைந்தால், உள்ளே போன காற்று முழுதும் வெளியே வராது. விலை போகாத பழைய சரக்கு குடோனை அடைத்துக்கொண்டால் புதுச் சரக்கு இறக்க இடமிராதல்லவா? அதே கதைதான். கெட்ட பகுதியைக் குறைத்தால் நல்ல பகுதி விரியும்.

1950களில் அமெரிக்க மருத்துவர் ஓட்டோ பிரான்டிகன் இதை அறுவை மூலம் செய்தார். உயிரிழப்பு மிகுந்ததால் கைவிடப்பட்டது. 1990களில் ஜோயல் கூப்பர் மீண்டும் கொண்டுவந்தார். 1,218 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. மேல்பகுதியில் நோய் மிகுந்து, உழைக்கும் திறன் குறைந்தவர்களுக்கே ஆயுள் கூடியது. நுரையீரல் மிக மோசமாகப் பழுதானவர்களுக்கு ஆபத்தே அதிகம்.

பின்னர் வந்தது ஒருவழி வால்வு. கத்தி வைக்காமல் குழாய் வழியே பொருத்துவார்கள். காற்று வெளியேறும், உள்ளே போகாது; கெட்ட பகுதி சுருங்கிவிடும். அமெரிக்க அரசு 2018இல் இதற்கு அனுமதி தந்தது. ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசியும் ஆபத்து உண்டு.

மறுமுறை செய்யலாமா? முதலில் காரணம் தெரிய வேண்டும். வால்வு நகர்ந்திருந்தாலோ, அதைச் சுற்றிச் சதை வளர்ந்திருந்தாலோ, எடுத்துவிட்டு மாற்றலாம், பலன் உண்டு. பக்கத்துப் பகுதியிலிருந்து காற்று ஊடுருவினால் புது வால்வும் வீண். சளித் தொற்று என்றால் மருந்தே போதும். அறுவை செய்தவர்களுக்கோ உள்ளே தழும்பு ஒட்டிக்கொள்வதால் மறு அறுவை மிகக் கடினம். ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன், பிறகு குழாய்ப் பரிசோதனை. அதன் பிறகே குடோன் பேச்சு.

80 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, 1928இல் தொடங்கிய தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் நஷ்டமில்லை. புகையை விடுதல், இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, தடுப்பூசி ஆகியவை செலவு குறைந்தவை. வால்வு வைத்தாலும் அவசியமானவை.

நம் பங்கும் உண்டு. மிளகாய் மூட்டை பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டுவோம். 18 வயதுக்குட்பட்டோருக்குப் பீடி, சிகரெட் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை மறவோம். நாற்பதைக் கடந்த, புகைப் பழக்கமுள்ள உறுப்பினர்கள் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையை உடனே செய்துகொள்ள வேண்டுகிறோம்.

பெரியவர் ஸ்கேனுக்குப் புறப்பட்டுவிட்டார். குடோன் சாவி இன்னும் அவர் இடுப்பிலேயே இருக்கிறது.