விசுவாசமும் ஒரு கிரியையா?

கிருபையின் வழக்கு – 17

ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேரை இயேசு பசியாற்றிய மறுநாள். கூட்டம் படகேறிக் கடலைக் கடந்து, அவரைத் தேடிக் கப்பர்நகூமுக்கு வருகிறது. கடவுளுக்குப் பிரியமானதைச் செய்ய வேண்டுமென்றால் எதைச் செய்வது என்று கேட்கிறார்கள். உபவாசம், தசமபாகம், ஓய்வுநாள் ஆசரிப்பு என்று வளர்ந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். இயேசு பட்டியல் எதுவும் தரவில்லை. கடவுள் அனுப்பியவர்மேல் விசுவாசம் வைப்பதுதான் அந்தக் கிரியை என்கிறார். யோவான் சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது இது.

சென்ற வாரம் ரோமர் நிருபத்தைப் பார்த்தோம். ஒருவனைக் கடவுள்முன் நீதிமானாக நிறுத்துவது அவன் கிரியைகள் அல்ல, விசுவாசமே என்பது பவுலின் வாதம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேள்வி தானாக எழுகிறது. விசுவாசிப்பதும் நான் செய்கிற ஒன்றுதானே? நான் நம்பினேன், எதிர்வீட்டுக்காரர் நம்பவில்லை. எனக்கு இரட்சிப்பு உண்டு, அவருக்கு இல்லை என்றால், வித்தியாசத்தை உண்டாக்கியது என் செயல்தானே? கிரியைகளை முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒரு கிரியையைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டோமா?

இது குதர்க்கம் அல்ல. சபையின் மிகப் பெரிய மனங்கள் இதில் மல்லுக்கட்டியிருக்கின்றன. அவர்களில் முதல்வர், வட ஆப்பிரிக்காவில் இன்றைய அல்ஜீரியக் கடற்கரையில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்டின்.

394ஆம் ஆண்டு வாக்கில், ஆயராகும் முன்பே, ரோமர் நிருபத்துக்கு அவர் விளக்கம் எழுதினார். நம்மில் பலர் இன்றும் சொல்வதைத்தான் அப்போது அவரும் சொன்னார். நம்புவது நம் பங்கு, நம்பியவனுக்கு நன்மை செய்யும் பலத்தைத் தருவது கடவுளின் பங்கு. கேட்பதற்கு நியாயமான பாகப்பிரிவினை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், மிலான் நகரத்துச் சிம்ப்ளிசியானுஸ் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அது நிற்கவில்லை. யாக்கோபும் ஏசாவும் தாயின் வயிற்றில் இருந்தபோதே, நல்லதோ கெட்டதோ செய்வதற்கு முன்பே, ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான் என்கிறார் பவுல். பின்னாளில் யாக்கோபு விசுவாசிப்பான் என்று முன்னறிந்துதான் கடவுள் தெரிந்துகொண்டார் என்று சமாதானம் சொல்லலாமா? அகஸ்டின் தன்னையே மடக்குகிறார். விசுவாசத்தை முன்னறிந்தார் என்றால், பின்னாளில் செய்யப்போகும் நற்கிரியைகளை முன்னறிந்தார் என்றும் சொல்லலாமே! அப்புறம் கிரியைகளால் அல்ல என்று பவுல் ஏன் சொல்ல வேண்டும்? கொரிந்தியருக்குப் பவுல் விடுத்த ஒரு சவால் அவரைப் பிடித்துக்கொண்டது. உன்னிடத்தில் இருப்பவற்றில், நீ வாங்கிக்கொள்ளாமல் உனக்கே உரியதாக இருப்பது எது என்ற கேள்வி. எதுவும் இல்லை என்பதுதான் பதில் என்றால், விசுவாசமும் அந்தப் பதிலுக்குள் அடங்கும்.

அவர் வாழ்நாளின் கடைசியில் இதே விவகாரம் தென் கால் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்சின் தெற்கிலிருந்து, திரும்பி வந்தது. மார்செய் வட்டாரத் துறவிகள் பக்தியுள்ளவர்கள். கிருபை இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனிதன் எடுத்துவைக்கும் முதல் அடி, அந்த முதல் நாட்டம் மட்டுமாவது அவனுடையதாக இருக்கலாம் அல்லவா என்றார்கள். அவர்களின் ஆசான் காசியன் உதாரணமும் காட்டினார். பவுலையும் மத்தேயுவையும் கிருபை வந்து பிடித்து இழுத்தது. சகேயுவும் சிலுவையில் தொங்கிய கள்ளனும் தாங்களாகவே முதல் அடி வைத்தார்கள். சகேயு மரமேறியது யாரும் சொல்லி அல்லவே.

428-29 வாக்கில் எழுதிய மறுமொழியில் அகஸ்டின் தன் பழைய நூலையே எடுத்துக்காட்டி, அன்று தான் நினைத்தது தவறு என்று எழுதினார். எழுபதைத் தாண்டிய ஆயர், கிறிஸ்தவ உலகமே மேற்கோள் காட்டும் மனிதர், எதிராளிகள் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறோமே என்று தயங்கவில்லை. அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும் இடம் இது. 430 ஆகஸ்டில், வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் இறந்தார்.

வழக்கு அவரோடு முடியவில்லை. நூறாண்டு கழித்து, 529 ஜூலை 3ஆம் தேதி, தெற்குப் பிரான்சின் ஒராஞ்சு நகரில், லிபேரியுஸ் என்ற அரசு உயரதிகாரி கட்டிய புதிய ஆலயத்தின் அர்ச்சிப்புக்கு ஆயர்கள் கூடினார்கள். ஆர்ல் நகரின் செசாரியுஸ் தலைமையில் அங்கேயே தீர்ப்பும் எழுதப்பட்டது. விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமல்ல, அதன் தொடக்கமும் கிருபையின் ஈவு. அந்த ஆவணத்தின் முடிவுரையில் கள்ளனும் சகேயுவும் பேர் சொல்லி வருகிறார்கள், நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவும் கூடவே. அவர்களுடைய விசுவாசமும் இயல்பாக வந்ததல்ல, கடவுள் கொடுத்தது என்கிறது அது. காசியனின் சாட்சிகளையே எடுத்து அவருக்கு எதிராக நிறுத்திவிட்டார்கள். 531இல் திருத்தந்தை இரண்டாம் போனிபாஸ் இதை உறுதிசெய்தார்.

இனி ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி லூத்தரிடம் வருவோம். விசுவாசத்தால் மட்டுமே என்று முழங்கியவர், அதனால் விசுவாசத்தைக் கிரியை என்று ஒருக்காலும் சொல்லியிருக்கமாட்டார் என்று பல சீர்திருத்தச் சபையாரே நினைக்கிறார்கள். சொன்னார். 1520இல் அவர் எழுதிய ‘நற்கிரியைகளைப் பற்றி’ என்ற நூல், எல்லா நற்கிரியைகளிலும் முதலானதும் உயர்ந்ததும் கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசமே என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. ஆதாரம், அதே கப்பர்நகூம் பதில். பத்துக் கட்டளைகளில் முதல் கட்டளை கேட்பது இந்த விசுவாசத்தைத்தான் என்கிறார். யாத்திரை, உபவாசம், காணிக்கை என்று கிரியைகளுக்குத் தரவரிசை போட்டுக்கொண்டிருந்த ஊரில், விசுவாசம் இல்லாமல் செய்த எதுவும் நற்கிரியை அல்ல என்று காட்ட அவருக்கு அது தேவைப்பட்டது.

முரண்பாடா? இல்லை என்பதே என் வாசிப்பு. கடவுளை நம்புவது மனிதன் செய்யவேண்டிய காரியம் என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்த நம்பிக்கையின் தகுதிக்காகக் கடவுள் என்னை ஏற்கிறாரா என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் அடுத்த தலைமுறை மிகத் தெளிவாக எழுதியது. 1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 61ஆம் கேள்வி இதற்காகவே இருக்கிறது. என் விசுவாசத்தின் மதிப்பினால் நான் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை, கிறிஸ்து செய்து முடித்ததே என் நீதி, அதைப் பெற்றுக்கொள்ள விசுவாசம் தவிர வேறு வழி இல்லை என்பது அதன் கருத்து. 1577இல் லூத்தரன் சபைகளின் உடன்படிக்கை நூலும் இதையே சொன்னது. விசுவாசம் நல்ல குணம் என்பதால் நீதிமானாக்குவதில்லை, கிறிஸ்துவைப் பற்றிக்கொள்வதால் நீதிமானாக்குகிறது.

கத்தோலிக்கர் மறுபக்கம் நிற்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள் திரெந்து சங்கத்தின் 1547 ஜனவரி தீர்மானத்தை வாசிக்க வேண்டும். விசுவாசத்தால் மட்டுமே என்ற போதனையை அது கண்டித்தது உண்மை. ஆனால் அதே தீர்மானத்தின் 8ஆம் அதிகாரம், நீதிமானாக்கப்படும் முன் ஒருவனிடம் இருக்கும் விசுவாசமோ கிரியையோ எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அன்பும் கிரியையும் விசுவாசத்தோடு எப்படிச் சேருகின்றன என்பதில் இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டன. விசுவாசம் கூலிக்குச் செய்யும் வேலை அல்ல என்பதில் முட்டிக்கொள்ளவில்லை. 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் கூட்டறிக்கையில் கையெழுத்திட முடிந்ததற்கு இந்தப் பொது நிலமும் ஒரு காரணம்.

நெதர்லாந்தில்தான் சண்டை கூர்மையானது. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மீனியுஸ், கிருபையை மனிதன் மறுக்க முடியும், ஏற்கவும் முடியும் என்றார். அப்படியானால் ஏற்பது உன் கிரியை ஆகிவிடுகிறதே என்று எதிர்த்தார்கள். அவருடைய பதில் அழகானது. செல்வந்தர் ஒருவர் பிச்சைக்காரனுக்குத் தருமம் தருகிறார், அவன் கை நீட்டி வாங்கிக்கொண்டான் என்பதற்காக அது தருமம் இல்லாமல் போய்விடுமா? அர்மீனியுஸை வசைபாடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தன் கையை மெச்சிக்கொள்ளும் பிச்சைக்காரன் எங்கும் இல்லை. இதுவரை நான் அவர் பக்கம்தான்.

ஆனால் அவர் இன்னொரு படி போனார். கடவுள் தம் தயவினால் விசுவாசத்தையே நீதியாகக் கணக்கிடுகிறார் என்றார். அவர் 1609இல் இறந்தபின் அவருடைய சீடர்கள் 1610இல் ஐந்து அம்ச விண்ணப்பம் வைத்தார்கள். 1618 நவம்பரில் டோர்ட் நகரில் மாமன்றம் கூடியது. நியாயப்பிரமாணம் கேட்ட முழுக் கீழ்ப்படிதலுக்குப் பதிலாக, குறையுள்ள விசுவாசத்தையே முழுமையானதாகக் கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்ற கருத்தை அது நிராகரித்தது. விசுவாசம் ஈவு என்றும் தீர்ப்பளித்தது. அரசியலும் இதில் கலந்திருந்தது. அர்மீனியுஸ் தரப்புக்கு ஆதரவாக நின்ற மூத்த ராஜதந்திரி ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே 13 அன்று ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். அவருக்கு வயது 71. கிருபையைப் பற்றிய வழக்கு ஒன்றின் நிழலில் இரக்கமே இல்லாமல் நடந்த கொலை அது. டோர்ட்டின் இறையியலை நான் ஏற்கிறேன், இதை ஏற்க மாட்டேன்.

அந்த இறையியலை ஏன் ஏற்கிறேன்? கடவுளின் கண் என் விசுவாசத்தின் மேல் இருக்கிறது என்றால் என் கண்ணும் அதன்மேல்தான் இருக்கும். அது போதுமா, உண்மையானதா, நேற்றைவிடக் குறைந்துவிட்டதா என்று நாளெல்லாம் அளந்துகொண்டிருப்பேன். உபவாச நாட்களை எண்ணலாம், காணிக்கையைக் கணக்கெழுதலாம். விசுவாசத்தை எதால் அளப்பது? கிரியையாக மாறிய விசுவாசம் மற்ற எல்லாக் கிரியைகளையும்விடப் பாரமானது.

இது பழைய ஐரோப்பாவின் கவலை மட்டும் அல்ல. ஒரு துக்க வீட்டில் என் காதுபடக் கேட்டது இது. சிறுநீரகம் பழுதாகி இளம் மகன் இறந்துபோனான். அவன் தாய் வாரம் தவறாமல் உபவாசம் இருந்தவர், ஜெபக்கூட்டம் ஒன்றையும் விட்டதில்லை. அடக்கம் முடிந்து வந்து, கால்கூடக் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஊழியர் ஒருவர் சொன்னார்: “அம்மா, இன்னும் கொஞ்சம் விசுவாசிச்சிருந்தீங்கன்னா பிள்ளை பிழைச்சிருப்பான்.” அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கிருபை என்ற சொல்லை ஞாயிறுதோறும் உச்சரிக்கும் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பு கண்ட மகனைக் கொண்டுவரும் தகப்பனைப் பாருங்கள். நம்புகிறேன் என்கிறான், அதே மூச்சில் என் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும் என்று கதறுகிறான். பாதியும் பாதியுமான விசுவாசம். இயேசு அதைத் தராசில் வைக்கவில்லை, பையனைக் குணமாக்கினார்.

அப்படியானால் புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதிய யாக்கோபு? கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்ற அவருடைய வாதத்தை இங்கே இரண்டு வரியில் முடித்துவிட எனக்கு மனம் இல்லை. அடுத்த வாரம் முழுவதும் அவருக்குத்தான்.

இந்தத் தொடரை வாசிக்கும் போதகர்களும் ஊழியர்களும் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நோயாளியின் கட்டிலருகிலும் கல்லறையிலிருந்து திரும்பிய வீட்டிலும் ‘உங்கள் விசுவாசம் போதவில்லை’ என்ற பேச்சை எடுக்காதீர்கள். ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருந்தால், இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய், அப்படிச் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)