சூரனும் தாராசிங்கும்

யாழ்ப்பாணத்து நயினாதீவில் எதுவும் கடல் கடந்துதான் கரையேற வேண்டும். அரிசி, சீமெந்து, திருவிழா மேளம் எல்லாம் வள்ளத்தில் வந்தவைதான். மல்யுத்தமும் அப்படித்தான் வந்தது, முதலில் வெறும் பேச்சாக. தாராசிங்கும் கிங்கொங்கும் மோதிய காலத்தில், கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்திருந்த தீவார் ஊருக்கு வரும்போது சாமானோடு இந்தக் கதைகளையும் கட்டிக்கொண்டு வருவார்கள். கிங்கொங் என்று பேர்பெற்ற எமில் சாயா 1970இல் சிங்கப்பூரில் இறந்துபோனார். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற பொடியனை “உவர் பெரிய தாராசிங்” என்று நக்கலடிக்கிற பழக்கம் மட்டும் அதற்குப் பிறகும் நெடுநாள் நின்றது.

கண்ணால் காண வேறொரு மல்யுத்தம் இருந்தது: சூரன்போர். யாழ்ப்பாணத்து முருகன் கோயில்களில் கந்தசஷ்டியன்று மரத்தால் செய்த பென்னாம்பெரிய சூரனைக் கொம்பில் ஏற்றித் தோளில் காவுவார்கள். காவுகிறவர்களின் மேலுக்குத் துணியில்லை; இடுப்பில் வேட்டியும் அதன்மேல் இறுக்கிக் கட்டிய சால்வையும். மல்லனுக்கு வேண்டிய கோலந்தான். சூரன் ஓடுவான், சுழல்வான், வேலுக்கு முன்னால் பின்வாங்கித் திரும்பவும் பாய்வான். யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறும். கடைசியில் மாமரம், பிறகு மயிலும் சேவலும். ஆர் வெல்வார் என்று தெரியாத குழந்தைகூட அங்கே இல்லை. இருந்தும் சூரன் திமிறும்போது சனம் மூச்சடக்கி நிற்கும். முருகனைக் காவுகிறவர்களைவிடச் சூரனைக் காவுகிறவர்களுக்குத்தான் ஆரவாரம் கூட. எதிரி சரியாக ஆடாவிட்டால் போர் சப்பென்று போய்விடும்.

1989இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி செனற் சபையில், தாங்கள் நடத்துவது போட்டியல்ல, களியாட்டம் என்று வின்ஸ் மக்மேனின் மல்யுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அங்கே அது பெரிய புதினம். சூரன்போர் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன புதினம்?

அதற்கு இரண்டு வருடம் முந்தித் தூரதர்ஷனில் இராமாயணம் தொடங்கியிருந்தது. அனுமாராக வந்தவர் தாராசிங். பேச்சில் மட்டும் இருந்த ஆள், உயர்ந்த அன்ரனா பூட்டிய யாழ்ப்பாணத்து வீடுகளில் வாலோடும் கதாயுதத்தோடும் தரிசனம் தந்தார். பிறகு 90கள். மின்சாரம் போனது, சனம் இடம்பெயர்ந்தது. விடிய விடியக் கூத்துப் பார்க்கிற இரவுகளும் அதோடு போயின.

இப்போது குறிகட்டுவானில் வள்ளம் ஏறிய பொடியன் நயினாதீவு இறங்குதுறைக்கு வருமுன் கைபேசியில் ஒரு குஸ்தி பார்த்து முடித்துவிடுகிறான். முகத்துக்கு முன்னால் விரல்களை ஆட்டுகிற மல்லன் ஜோன் சீனாவின் சைகை தெரியாத சிறுவன் அருமை.

எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது வேறொன்று. முன்பு வேடிக்கை கடல் தாண்டித் தீவுக்கு வந்தது. இப்போது ஆனி மாதம் நாகபூசணி அம்மன் தேர் இழுபடும்போது, அதே நிமிடத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நித்திரை முழித்துப் பார்க்கிறார்கள். கந்தசஷ்டியிலும் இதே கதைதான். சூரனுக்குத் தலை மாற்றுகிற இடைவெளியில், கொம்பைத் தோளில் இருந்து இறக்காமலே, ஒருவன் கைபேசியை எட்டி நீட்டுகிறான். சூரனும் படத்துக்குள் விழவேண்டுமாம்.