வீட்டு இணைய வேகம்: அளத்தலும் அறிதலும்

கண்டி நகரின் மத்திய சந்தையில் ஒரு கிலோ பருப்பு வாங்குபவர் தராசையும் படியையும் ஐயுறுவதில்லை. அவற்றைச் சோதித்து முத்திரையிடுவதற்கு அரசாங்கத் திணைக்களம் ஒன்று உண்டு. மின்சாரத்துக்கு வீட்டுச் சுவரில் மானி இருக்கிறது. குழாய்நீருக்கும் வாசலில் மானி இருக்கிறது. ஆனால், மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் பணங் கொடுத்துப் பெறும் இணைய இணைப்பின் வேகத்தைக் காட்டும் மானி எந்த வீட்டிலும் இல்லை. விற்பவரின் விளம்பரத்தாளில் 'செக்கனுக்கு 100 மெகாபிட் வரை' என்று எழுதியிருக்கும். 'வரை' என்னும் அந்தச் சிறு சொல்லிலேதான் எல்லாக் குழப்பமும் அடங்கியிருக்கிறது. நூறுக்கு மேற்படாது என்பதே அதன் பொருள். நூறு என்றும் கிடைக்கும் என்பது அதன் பொருளன்று. உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை வாங்குபவரே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது வேடிக்கைக்காகச் செய்யும் வேலையன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை இணையத்துக்குள் குடிபுகுந்தது. 2021 ஆம் ஆண்டில், ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ என்னும் கிராமத்திலே, பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுப் பாதையால் மேடேறிப் பாறைமேல் நின்று அலையைத் தேடிப் பாடங்களைப் பெற்றதை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. பாடசாலைகள் மீண்டும் திறந்துவிட்டன. ஆயினும், மேலதிக வகுப்பும், பல்கலைக்கழக விண்ணப்பமும், வெளிநாட்டிலுள்ள உறவினருடன் உரையாடலும், வீட்டிலிருந்து செய்யும் தொழிலும் இன்றும் அந்தக் கம்பியையும் அலையையுமே நம்பியிருக்கின்றன. இணைப்பு தளர்ந்தவுடன் பல குடும்பங்கள் கூடுதல் விலையுள்ள திட்டத்துக்கு மாறுகின்றன. குறை வேறிடத்தில் இருந்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் வீண். ஆகவே, அளந்து பார்த்தல் சிக்கனத்தின் முதற்படி எனலாம்.

முதலில் அலகை அறிதல் வேண்டும். இணையத்தின் வேகம் 'பிட்' என்னும் அலகால் அளக்கப்படுகிறது. கோப்பின் பருமனோ 'பைட்' என்னும் அலகால் சொல்லப்படுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே, செக்கனுக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு செக்கனில் இறங்குவது 20 மெகாபைட் அன்று, 2.5 மெகாபைட் மட்டுமே. 100 மெகாபைட் பருமனுள்ள பாடக்குறிப்பு ஒன்று இறங்க 40 செக்கன் வேண்டும். இந்த எட்டின் கணக்கை அறியாதவர், தம்மை எவரோ ஏமாற்றிவிட்டதாக எண்ணுவதுண்டு.

அடுத்து, 'வேகம்' என்னும் ஒரே சொல் இரண்டு வெவ்வேறு தன்மைகளைக் குறிக்கிறது என்பதை உணர வேண்டும். கண்டியிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவை எடுத்துக்கொள்க. அதன் நீளம் ஏறக்குறைய 115 கிலோமீற்றர். தெருவை அகலமாக்கினால் ஒரு மணி நேரத்தில் கூடுதலான லொறிகள் கொழும்பை அடையும். ஆனால், நெரிசலே இல்லாத நள்ளிரவிலும் ஒரு தனி லொறி அந்தத் தூரத்தைக் கடக்கச் சில மணி நேரம் எடுக்கத்தான் செய்யும். தெருவின் அகலம் போன்றது கொள்ளளவு. பயண நேரம் போன்றது சுணக்கம். விளம்பரத்தில் காணப்படும் மெகாபிட் கணக்குக் கொள்ளளவையே சொல்லுகிறது. சுணக்கத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

சுணக்கம் மில்லிசெக்கனால், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கால், அளக்கப்படுகிறது. ஒளியிழையினுள்ளே ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்குப் போய் மீள ஒளிக்கு ஒரு மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் போதும். இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. நேர்கோட்டில் இழை கிடந்தாலும் போய் மீள 87 மில்லிசெக்கன் ஆகும். கடலடி வடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லையாதலால் உண்மைச் சுணக்கம் இதனிலும் கூடும். மாத்தறையிலே கரையேறும் சீ-மீ-வி 5 என்னும் வடம் சிங்கப்பூரையும் பிரான்சையும் இணைப்பது. அதன் நீளம் சுமார் 20,000 கிலோமீற்றர். எவ்வளவு பணங் கொடுத்தாலும் ஒளியை இதனிலும் விரைவாக ஓட்ட இயலாது. 1858 ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே இந்நாட்டின் முதல் தந்திக்கம்பி இயங்கத் தொடங்கியபோதும் தூரம் என்பது ஒரு விலையாகவே இருந்தது. இன்று அவ்விலை மிகச் சிறிது. ஆயினும் அது மறைந்துவிடவில்லை.

மூன்றாவதாக அறிய வேண்டியவை தடுமாற்றமும் பொதி இழப்பும் ஆகும். இணையத்தில் செய்தி ஒரே ஓட்டமாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து சென்று மறுமுனையிற் கூடுகிறது. ஒரு பொதி 30 மில்லிசெக்கனிலும் அடுத்தது 200 மில்லிசெக்கனிலும் வந்தால் அது தடுமாற்றம். வராமலே போனால் அது இழப்பு. கோப்பு இறங்கும்போது இழந்த பொதி மீண்டும் அனுப்பப்படும். எவரும் அதனை உணரார். ஆனால், வகுப்பு நடக்கும்போது ஆசிரியரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்து, முகம் திரையில் உறைந்து நிற்பது இவற்றால்தான். காணொளி வகுப்பொன்றுக்குச் செக்கனுக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிட் பெரும்பாலும் போதுமாயிருக்க, 50 மெகாபிட் உள்ள வீட்டிலும் வகுப்பு அறுவதன் இரகசியம் இதுவே.

பதிவேற்ற வேகத்தையும் மறத்தலாகாது. வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் இறங்கும் வழி அகலமாகவும் ஏறும் வழி ஒடுக்கமாகவும் அமைக்கப்பட்டிருக்கும். மாணவர் தம் முகத்தையும் விடைத்தாளையும் அனுப்புவது அந்த ஒடுங்கிய வழியாலாகும்.

இனி, அளக்கும் முறை. ஊக்லா நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்பீட்டெஸ்ட், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபாஸ்ட் முதலிய இலவசச் சோதனைகள் உள்ளன. இவை தொலைவிலுள்ள ஒரு வழங்கியோடு சில செக்கன் நேரம் தரவைப் பரிமாறி, கடந்த அளவை நேரத்தால் வகுத்து விடை சொல்லுகின்றன. இங்கே ஒரு நுட்பம் உளது. ஸ்பீட்டெஸ்ட் இயல்பாகவே அருகிலுள்ள வழங்கியைத் தெரிந்தெடுக்கும். சில வேளைகளில் அது சேவை வழங்குநரின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அப்போது அளக்கப்படுவது வீட்டிலிருந்து தெருமுனை வரையுள்ள பாதை மட்டுமே. மாணவர் நாடும் நூலகமோ கடல் கடந்து இருக்கலாம்.

இக்குறையை நன்குணர்ந்து செய்யப்பட்ட ஒரு முயற்சி இலங்கைக்கு உரியது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, 2008 ஆம் ஆண்டளவில் அகலப்பட்டை இணைப்பின் தரத்தை அளக்கும் முறையொன்றை வகுத்தன. அதற்கு 'அசோக திஸ்ஸ' என்று பெயர் சூட்டினர். பேரரசன் அசோகனும் இலங்கை வேந்தன் தேவநம்பிய தீசனும் நண்பராயிருந்த வரலாற்றை அப்பெயர் நினைவூட்டுகிறது. ஒருமுறை அளந்து ஓர் எண்ணைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. நாளின் வெவ்வேறு வேளைகளில் அளந்தது. சேவை வழங்குநரின் வலையமைப்பு, நாட்டுக்குள் உள்ள வழங்கி, வெளிநாட்டு வழங்கி என மூன்று எல்லைகளையும் தனித்தனியே அளந்தது. கொள்ளளவோடு சுணக்கத்தையும் தடுமாற்றத்தையும் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. வீட்டிலே சோதிப்பவரும் பின்பற்றத்தக்க முறை இதுவேயாகும்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்க. தந்தை, தாய், உயர்தரம் பயிலும் மகள். திட்டம் செக்கனுக்கு 50 மெகாபிட் வரை. மாலை வகுப்பு அடிக்கடி அறுகிறது. 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறலாமா என்று பெற்றோர் ஆலோசிக்கின்றனர். மாறுமுன் அவர்கள் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, மடிக்கணினியை வைஃபை வழியாக அன்றிக் கம்பி வழியாக ரவுட்டருடன் இணைத்து, ஏனைய கைத்தொலைபேசிகளையும் தொலைக்காட்சியையும் இணையத்திலிருந்து விலக்கிச் சோதித்தல். இரண்டாவது, காலை, நண்பகல், இரவு எட்டு மணி ஆகிய மூன்று வேளைகளிலும் ஒரு கிழமைக்குச் சோதித்துக் கொப்பியில் குறித்தல். மூன்றாவது, ஒருமுறை கொழும்பு வழங்கியையும் மறுமுறை சிங்கப்பூர் அல்லது ஐரோப்பிய வழங்கியையும் தெரிந்தெடுத்தல். நான்காவது, மகள் படிக்கும் அறையிலிருந்து வைஃபை வழியாக அதே சோதனையைச் செய்தல்.

கொப்பியே தீர்ப்புச் சொல்லிவிடும். கம்பியில் 47, அறையில் 6 என்றால் குறை வீட்டுக்குள்ளே உளது. எந்தத் திட்டமும் அதனைத் தீர்க்காது. பழைய கண்டி வீடுகளின் தடித்த சுவர்கள் அலையை விழுங்குகின்றன. 5 கிகாஹேட்ஸ் அலையை மிகுதியாகவும் 2.4 கிகாஹேட்ஸ் அலையைச் சற்றுக் குறைவாகவும் விழுங்கும். ரவுட்டரைக் கூடத்தின் நடுவே உயரத்தில் வைத்தாலோ, அறைக்கு ஒரு கம்பி இழுத்தாலோ பலன் உண்டு. காலையில் 47, இரவில் 9 என்றால், பலர் ஒரே வழியைப் பங்கிடும் நெரிசல் அது. கொழும்புக்கு நன்றாகவும் வெளிநாட்டுக்கு மந்தமாகவும் இருந்தால் தடை நாட்டுக்கு வெளியே செல்லும் பாதையில் உளது. எவ்வேளையும் எவ்விடத்துக்கும் குறைவாயிருந்தால், கம்பியிலோ ரவுட்டரிலோ பழுது இருக்கலாம். மாதத் தரவளவு தீர்ந்ததனால் வேகம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கவும் கூடும். 50க்குப் பதில் 47 கிடைப்பது பழுதன்று. ஒவ்வொரு பொதியும் முகவரியைச் சுமந்து செல்வதால் சிறிது பங்கு அதற்குச் செலவாகும்.

மலைநாட்டுக்கு உரிய சில நுட்பங்களும் உள. ஹந்தானை மலையின் மறைவிலும், கலஹா, தெல்தோட்டைப் பள்ளங்களிலும் உள்ள வீடுகள் பல நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசி அலையையே நம்பியிருக்கின்றன. அவ்வலை மலையை ஊடுருவாது. ரவுட்டரை ஓர் அறையிலிருந்து, கோபுரம் நோக்கிய யன்னலுக்கு மாற்றுவது, திட்டத்தை மாற்றுவதிலும் மேலான பயன் தரக்கூடும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் உள்ளோர் அனைவரும் பங்கிடுவர்; எசல பெரகரா நாள்களிலே நகரில் சனம் பெருகும்போது ஒவ்வொருவரின் பங்கும் சுருங்குவது இயல்பே. பழைய செப்புக்கம்பி வழியாக இணையம் பெறும் வீடுகளில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் தேயும். ஒளியிழைக்கு இந்தத் தேய்வு இல்லை. 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்தது. அதன் செய்மதிகள் தாழ்ந்த உயரத்திற் சுற்றுவதால் சுணக்கம் குறைவு. ஆயினும் திறந்த வானம் அதற்கு வேண்டும். மலையும் மரமும் மறைக்கும் முற்றத்தில் அதுவும் தடுமாறும்.

சோதனைக்கும் செலவு உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். செக்கனுக்கு 50 மெகாபிட் வேகத்தில் பத்துச் செக்கன் அளந்தால், இறக்கத்துக்கு மட்டும் 62.5 மெகாபைட் கழியும். நாளுக்கு மூன்று முறை ஒரு கிழமைக்கு அளந்தால் 1.3 கிகாபைட் வரை போய்விடும். சிறிய தரவுத் திட்டம் உடையோர் முறைகளைக் குறைத்து, வேளைகளை மட்டும் மாற்றி அளப்பது நன்று.

குறை வீட்டுக்குள் இல்லை என்று தெளிந்தபின், திகதியும் மணியும் குறித்த கொப்பியோடு சேவை வழங்குநரிடம் முறையிடலாம். 'இணையம் மந்தம்' என்னும் முறைப்பாட்டுக்கு, 'ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்' என்பதே பெரும்பாலும் மறுமொழி. 'ஏழு இரவுகளிலும் எட்டு மணிக்குக் கம்பி வழியே 9 மெகாபிட்' என்னும் முறைப்பாட்டை அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. அங்கும் தீர்வு கிடையாதபோது, 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தையும் 1996 ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அடியொற்றி இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நாடலாம்.

கட்டுகஸ்தோட்டைக் குடும்பத்தின் கொப்பி கம்பியில் 47 என்றும், மகளின் அறையில் 6 என்றும் காட்டுமாயின், அவர்களுக்கு வேண்டியது 100 மெகாபிட் திட்டமன்று. கூடத்திலிருந்து அறைவரை செல்லும் ஒரு கம்பியே. அதன் விலை ஒருமுறைச் செலவு. திட்டத்தின் விலையோ மாதந்தோறும் வரும் செலவு. அளந்தறிந்தவர் அந்த வேறுபாட்டைப் பிள்ளையின் புத்தகத்துக்குச் செலவிடலாம்.