பொன்னாடையும் வெள்ளிக்கிழமையும்

நம் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், மாற்றலாகிச் செல்லும் காவல் உதவி ஆய்வாளர் ஒருவர்க்கு அவ்வாறு பாராட்டு நிகழ்ந்தது. அவர் கொள்ளையரைத் துரத்திப் பிடித்துப் புகழ் பெற்றவரல்லர். கூலிப் பட்டுவாடா நடைபெறும் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் சங்கத் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, வந்தவர்களின் குறைகளைக் கேட்டார், அவ்வளவே. வரப்புத் தகராறு கொண்ட விவசாயிகளும், கந்துவட்டிக்காரனுக்கு அஞ்சிய பெண்களும், கணவனின் குடியால் நொந்தவர்களும் காவல் நிலையத்தின் படியேறாமலே அவரிடம் பேச முடிந்தது.

பொன்னாடை போர்த்தப்பெற்றதும், தார் சுற்றும் மூதாட்டி ஒருவர் எழுந்தார். "ஐயாவுக்கு மரியாதை செய்தது சரி. அடுத்து வருகிற ஐயாவும் வெள்ளிக்கிழமை வருவாரா?" என்று கேட்டார். அவையினர் சிரித்தனர். நமக்கோ சிரிப்பு வரவில்லை. பாராட்டு விழாக்கள் யாவும் விடை கூற வேண்டிய வினா அது.

காவல் அதிகாரிகளைக் கௌரவிக்கும் ஏற்பாடுகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் குடியரசுத் தலைவரின் பதக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அண்ணா பிறந்த நாளாகிய செப்டம்பர் 15ஐ ஒட்டி முதலமைச்சரின் அண்ணா பதக்கங்கள் உண்டு. வீரச் செயலை உலகம் எளிதில் காணும். ஆனால் 1829ஆம் ஆண்டில் லண்டன் மாநகரக் காவல் படை தோன்றியபோதே, குற்றம் நிகழாமல் தடுப்பதே காவலரின் தலையாய நோக்கம் என்று விதிக்கப்பெற்றது. நிகழ்ந்த குற்றத்திற்கு வழக்கு எண் உண்டு. நிகழாத குற்றத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது? மக்களோடு பழகி அவர்தம் நம்பிக்கையைப் பெற்ற அதிகாரியின் தொண்டு இவ்வாறே கணக்கில் ஏறாமற் போகிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பரமக்குடித் தறிகளையும் முண்டு மிளகாய் வயல்களையும் கொண்ட இராமநாதபுரம் மாவட்டத்தில், 1993ஆம் ஆண்டில் காவல் கண்காணிப்பாளராய் இருந்த திரு. பிரதீப் வி. பிலிப், 'காவல்துறை நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்கள் தாமே முன்வந்து காவலர்க்குத் துணை நிற்கவும், இரு சாராரிடையே உள்ள அச்சம் நீங்கவும் வழி காண்பதே அதன் நோக்கம். அது பின்னர் மாநிலமெங்கும் பரவியது. அவர் 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டினால் காயமுற்றவர். அன்று அவர் அணிந்திருந்த தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்கின் சான்றுப் பொருள்களாயின. 2021 செப்டம்பர் 30ஆம் நாள் ஓய்வு பெறுகையில், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அவற்றையே அணிந்து விடைபெற்றார். அவர் நாடிய கௌரவம் அதுவே.

ஆயினும் அவர் தொடங்கிய இயக்கத்தின் கதை வேறு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த கொடுமையில், அவ்வமைப்பைச் சேர்ந்தோர்க்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அமைப்பிற்குத் தடை விதித்தது. நண்பன் என்ற பெயர் தாங்கியவரைக் கண்டு மக்கள் அஞ்சும் நிலை வருமாயின், தொடக்கத்தின் தூய்மை மட்டும் என் செய்யும்? யாரைச் சேர்ப்பது, அவர்க்கு எவ்வளவு உரிமை, தவறினால் கேட்பவர் யார் என்னும் வினாக்களுக்கு ஆண்டுதோறும் விடை காண வேண்டும். நிறுவிய தலைவரின் படத்திற்கு மாலை சூட்டிவிட்டுத் தணிக்கையை மறந்த சங்கங்கள் என்னவாயின என்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

ஆகவே, நல்ல அதிகாரியைப் போற்றுவது நம் கடமை. அவருடைய நற்பழக்கத்தை ஊரின் வழக்கமாக்குவது அதனினும் பெரிய கடமை. மூதாட்டியின் கேள்வியைத் தொடர்ந்து அச்சங்கத்தினர் அன்றே ஒரு தீர்மானம் இயற்றினர். வெள்ளிக்கிழமை மாலையில் திண்ணை திறந்திருக்கும். நிர்வாகக் குழுவினர் ஒருவர் அங்கு இருப்பார். புதிய அதிகாரிக்கு அழைப்பு அனுப்பப்படும். குறைகளை ஒரு புத்தகத்தில் பதிந்து, எதிரே 'என்ன ஆயிற்று' என்றும் எழுத வேண்டும். காவலர் மீதே குறையெனின் அது மாவட்டக் கண்காணிப்பாளர்க்குச் செல்லும். உறுப்பினர் எவரும் காவலரின் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்தல் ஆகாது. பொன்னாடையின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

இவ்வாண்டு ஆய்வின்போது அப்புத்தகத்தைப் புரட்டினோம். முதல் நான்கு வாரங்கள் அதிகாரியின் இடம் வெறுமையாய் இருக்கிறது. ஐந்தாம் வாரம் முதல் புதியவரின் கையொப்பம் காணப்படுகிறது. அந்த நான்கு வாரங்களிலும் தவறாமல் வந்து காத்திருந்ததற்கு அடையாளமாக, மூதாட்டியின் கைநாட்டு ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது.