வாயைக் கட்டினால் போதுமா?

உடல் பருத்தவர்களுக்கு ஊரே இலவசமாகத் தரும் மருந்து ஒன்று உண்டு: "கொஞ்சம் வாயைக் கட்டு." கட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45லேயே பார்த்துவிட்டார்கள். ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுக்குத்தான் உணவு கொடுத்தார். எடை இறங்கியது. கூடவே எந்நேரமும் சோற்று நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு. கட்டுப்பாடு நீங்கியதும் பலருக்கு வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை. போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்துவிட்டு, இந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒல்லியானவர்களிடம் நடந்த சோதனை பருத்தவருக்கு அப்படியே பொருந்தாது என்பது சரிதான்; ஆனால் பட்டினி கிடந்த மனம் பழிவாங்கும் என்பதற்கு இது போதும்.

கவலை, தனிமை, கோபம் வந்தால் கை தீனி டப்பாவைத் தேடுவது பலருக்கும் உள்ள பழக்கம். அதுவே எல்லை மீறி, குறுகிய நேரத்தில் ஏராளமாகத் தின்று, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அது 'அடங்காத் தீனி' என்ற நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகவே பட்டியலிட்டது. இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது 'சிபிடி' எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இது பட்டினியில் தொடங்குவதில்லை. வேளை தவறாமல் சாப்பிடச் சொல்லித் தொடங்குகிறது. என்ன சாப்பிட்டோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று நோயாளியே எழுதி வருவார். பகலில் விட்ட சாப்பாடுதான் இரவில் வட்டியோடு வருகிறது என்பது அந்தத் தாளில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதனால் எடை குறையுமா என்று கேட்பது நியாயம். அதிகம் குறையாது என்பதே நேர்மையான பதில். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அடங்காத் தீனி நிற்கிறது. தராசு முள் பெரிதாக அசைவதில்லை. ஆனால் எடையை மட்டுமே வெற்றியாக எண்ணுவது தவறு. உணவு, நடை, பழக்கம் ஆகியவற்றைப் படிப்படியாக மாற்றப் பயிற்சி தந்து, வெறும் 7 சதவீத எடைக் குறைப்பை இலக்காக வைத்த அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது. அதில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் எடை குறையாமலேயே அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

குறுக்கு வழிகள் மனத்தையே பதம் பார்த்திருக்கின்றன. 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த ரிமோனபான்ட் என்ற எடைக் குறைப்பு மாத்திரை, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008இல் நிறுத்தப்பட்டது. "15 நாளில் 10 கிலோ" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் கவலையில்லை. உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

மனநல சிகிச்சை பணக்காரர் சமாச்சாரம் என்பது பாதிதான் உண்மை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதி தரும் சேவைகளில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தருகின்றன. வாரந்தோறும் ஆலோசனைக்குப் போகிறவர்கள் வெளிநோயாளி விதியை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. தனியார் மருத்துவ உளவியலாளரிடம் போனால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படும் உளவியலாளரிடம் திரும்பப் போக வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மனஸ் இருக்கிறது. எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.